ஐயர் வந்துட்டாரா? வடசென்னைக் கோயில்களில் ஐந்து நாள்

முதல் நாள், புதன்

எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸை விட்டு இறங்கும்போதே அத்தையிடமிருந்து மூன்று மிஸ்டு கால். பெரம்பூருக்கு ஆட்டோக்காரர் எவ்வளவு கேட்பார், எவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது, எந்தப் பாலம் தாண்டித் திரும்ப வேண்டும் என்று நடைமேடையில் நிற்கும்போதே போனில் வகுப்பு எடுத்துவிட்டாள். கடைசியில் அவள் சொன்னதைவிட அறுபது ரூபாய் கூடக் கொடுத்துத்தான் வீடு வந்து சேர்ந்தேன். அவளிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

வந்த காரணம், ஞாயிற்றுக்கிழமை அத்தையின் சபையில் அறுப்பின் பண்டிகை, விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஏலம் விடுகிற நாள். ஒரு பண்டிகைக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து இவ்வளவு தூரமா என்று வங்கியில் மேனேஜர் கேட்டார். பண்டிகை சாக்குதான். வடசென்னை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்களைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை, லீவும் மிச்சம் இருந்தது. எங்கள் ஊரில் சபை என்றால் ஒரே முகச்சாயல், ஒரே பேச்சு. முன் பெஞ்சில் சித்தப்பா, பின் பெஞ்சில் சித்தப்பாவோடு பேசாத பெரியப்பா. இங்கே அப்படி இல்லை என்று அத்தை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், நாற்பது வருடம் ஆகப்போகிறது.

சாயங்காலம் பக்கத்துத் தெருவில் வீட்டு ஜெபக்கூட்டம். ஏழு மணி என்று சொல்லி ஏழே முக்கால் ஆகியும் ஆரம்பிக்கவில்லை. எனக்கு ரயில் களைப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் மெதுவாக, "ஐயர் வந்துட்டாரா?" என்று கேட்டேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஐயரும்மா? ஜெபக்கூட்டத்துக்கு ஐயரு எதுக்கு?"

அத்தை சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் குருவானவர் என்றால் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா. பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம், அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பதே பள்ளிக்கூடம் போன பிறகுதான் எனக்குத் தெரியும். இங்கே பாஸ்டர். சிலருக்கு ஆயர். நான் 'கோயில்' என்று சொல்கிற இடத்தில் இவர்கள் 'சர்ச்' என்கிறார்கள். ஒரே திருச்சபை, ஒரே பாமாலைப் புத்தகம், ஆனால் வந்த முதல் நாளே நான் மொழி தெரியாத ஆளாகிவிட்டேன்.

இரண்டாம் நாள், வியாழன்

கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் மேரீஸ். பெரம்பூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல், அங்கிருந்து வெயிலில் நடை. தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் வாசலில் ஆதார் காட்டி, பையைத் திறந்து காட்டி, எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு "கோயிலுக்கு" என்று சொல்லி, "எந்தக் கோயில்?" என்று மறுபடி கேட்டு, "சர்ச்சு சார்" என்றதும்தான் விட்டார்கள். ஒரே நாளில் பாடம் கற்றுக்கொண்டுவிட்டேன்.

1678 மார்ச் 25இல் வேலை தொடங்கி 1680 அக்டோபர் 28இல் பிரதிஷ்டை செய்த கோயில். சூயஸுக்குக் கிழக்கே இருக்கிற ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழிக் கோயில்களில் இதுதான் மூத்தது. அப்போது கவர்னராக இருந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் முன்னின்று, கோட்டையில் இருந்தவர்களிடம் சந்தா பிரித்துக் கட்டியிருக்கிறார். கம்பெனி கஜானாவிலிருந்து வந்த பணம் இல்லை. வசூல் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவது நம் கமிட்டிக்காரர்கள் கண்டுபிடித்த வித்தை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

உள்ளே போனதும் முதலில் தெரிவது குளுமை. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கனமான வளைவுக் கூரை போட்டிருக்கிறார்கள், சுவரும் அதற்கேற்ற தடிமன். கோயில் பாதி, கோட்டை பாதி. ராபர்ட் கிளைவ் 1753இல் கல்யாணம் பண்ணியது இங்கேதான், அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேலும் இங்கேதான் கல்யாணம் பண்ணினார். வழிகாட்டிகள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு ஒருவர் இதையே மூன்று தடவை சொன்னார். எனக்கு ஞானஸ்நானத் தொட்டிதான் பெரிய விஷயமாகப் பட்டது. கல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்படுகிற ஜாப் சார்னாக்கின் மூன்று மகள்களுக்கு 1689இல் இந்தக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மா ஓர் இந்தியப் பெண். அதாவது, வெள்ளைக்காரர் கோயில் என்று நாம் முத்திரை குத்துகிற இடத்தில், கட்டி ஒன்பதே வருடத்தில் நம்மூர் ரத்தம் கலந்த பிள்ளைகளின் தலையில் தண்ணீர் தெளித்தாகிவிட்டது.

இன்னொன்று. 1695இல் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தை ஆக்ஸ்போர்டில் போர்ச்சுகீசிய மொழியில் அச்சடித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊர்களில் பயன்படுத்துவதற்காக. போர்ச்சுகீசியம் ஏன் என்றால், அன்றைக்குக் கடற்கரைப் பட்டணங்களில் வேலைக்காரர், சிப்பாய்களின் மனைவிமார், வியாபாரத் தரகர் எல்லோருக்கும் புரிகிற பொதுமொழி அதுதான். இப்போது ஆங்கில ஆராதனை வேண்டுமா, தமிழ் போதுமா, தெலுங்குக்கு எத்தனை மணி என்று பாஸ்டரேட் கமிட்டியில் மேசையைத் தட்டிச் சண்டை போடுகிறோமே, அந்தச் சண்டைக்கு வயது முந்நூறுக்கு மேல்.

சுவரில் ஸ்வார்ட்ஸ் ஐயருக்குப் பளிங்கில் ஒரு நினைவுச் சின்னம். (இங்கே 'ஐயர்' என்றே எழுதுவேன், யாரும் சிரிக்கட்டும்.) கம்பெனி வைத்தது. அவர் ஜெர்மன்காரர், லூத்தரன், அவரைத் தாங்கியது இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சங்கம், அவர் பேசியது தமிழ். எந்தப் பெட்டியில் போட்டு மூட? வெளியே தரையில் பாவியிருக்கும் கல்லறைக் கற்களின் மேல் நடந்துதான் திரும்பினேன். ஆங்கிலம், லத்தீன், போர்ச்சுகீசியம் என்று எழுத்துகள். செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்தேன். வெயில், கழற்றவில்லை.

மூன்றாம் நாள், வெள்ளி

மெட்ரோவில் ஹைகோர்ட் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் பாரீஸ் முனை முகத்தில் அறைகிறது. வக்கீல்கள், ஜெராக்ஸ் கடைகள், தள்ளுவண்டி, ஹாரன். ஹைகோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் சிவப்புக் கட்டடமாக ஒய்.எம்.சி.ஏ., அதே சாலையில் ஆண்டர்சன் சர்ச். நான் போன நேரம் கேட் பூட்டியிருந்தது, வெளியிலிருந்தே பார்த்தேன்.

ஆண்டர்சன் ஆங்கிலிக்கன் கோயில் இல்லை, ஸ்காட்லாந்துக்காரர்களின் பிரஸ்பிட்டேரியன் பரம்பரை. ஜான் ஆண்டர்சன் 1837இல் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் வளர்ந்து மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் ஆனது. சரியாக நூறு வருடம் கழித்து 1937இல் தாம்பரம் போகும்வரை காலேஜ் இந்தப் பாரீஸ் சந்தடியில்தான் இருந்தது. எங்கள் வெள்ளாளன்விளையிலிருந்து, ஒரு கிராமத்து ஐயரின் மகன், இங்கே வந்து படித்தார். பட்டம் முடிக்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ.வில் செயலராகச் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார். வி.எஸ். அசரியா. 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் (பிஷப்) ஆனவர்.

அவரைப் பற்றி ஓய்வுநாள் பள்ளியில் நாங்கள் படித்தது, நல்லவர், ஜெபித்தார், பேராயர் ஆனார் என்கிற அளவில்தான். 1910இல் எடின்பரோ மாநாட்டில் அவர் பேசியதைப் பெரியவளான பிறகுதான் படித்தேன். உலகத்து மிஷனரித் தலைவர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கிற சபையில், முப்பத்தைந்து வயது ஆள் எழுந்து நின்று, நீங்கள் சொத்தைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு வேண்டியது அன்பு, நண்பர்களைக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பலருக்கு முகம் சுண்டிப்போனதாம். வெள்ளைக்காரரைப் பார்த்துச் சொன்னது அது. நம்மை நாமே பார்த்து அதைச் சொல்லிக்கொள்ள முடியுமா என்பது வேறு கேள்வி, அது நாளைக்கு வரும் என்று நினைக்கிறேன்.

அசரியாவும் கூட இருந்தவர்களும் 1919இல் தரங்கம்பாடியில் கூடிப் பேசியதிலிருந்து ஆரம்பித்தது சபைகளை ஒன்றாக்கும் பேச்சு. பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908இலேயே சேர்ந்திருந்தன. ஆங்கிலிக்கனும் மெத்தடிஸ்டும் அவர்களோடு சேர இன்னும் இருபத்தெட்டு வருடம் பிடித்தது. பேராயர் வேண்டுமா, வேண்டாமா? பேராயர் கைவைக்காமல் குருவானவர் ஆனவர் கையால் ஆங்கிலிக்கன்காரர் நற்கருணை, அதாவது ஆராதனையில் கொடுக்கிற அப்பமும் திராட்சரசமும், வாங்கலாமா? இதில்தான் அத்தனை வருடமும் போனது. லண்டனில் கவிஞர் டி.எஸ். எலியட் இந்தத் திட்டமே கூடாது என்று எழுதினார், பாருங்கள், நம் சண்டைக்கு எங்கிருந்தெல்லாம் ஆள் வந்திருக்கிறது! கடைசியில் 1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை, கதீட்ரல் ரோட்டில் இருக்கிற செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. நாடு இரண்டாகப் பிரிந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி முதல் தேதியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்றைக்குப் பேராயரானவர்களில் ஒருவர் லெஸ்லி நியூபிகின், முப்பத்தேழு வயது பிரஸ்பிட்டேரியன். 1965இல் மெட்ராஸுக்கே பேராயராகத் திரும்பி வந்தார். மாமா அவரை நேரில் பார்த்திருக்கிறார். "எங்க ஏரியாவுக்கு வந்தாருமா, நல்லா தமிழ் பேசுவாரு" என்பதோடு சரி, அதற்கு மேல் எதுவும் ஞாபகம் இல்லையாம். அப்போது அவர் சின்னப் பையன்.

அப்புறம் ஆர்மீனியன் தெரு. 1772இல் கட்டிய ஆர்மீனியக் கோயில், உள்ளே செம்பருத்தி மரம், ஆறு மணிகள், அமைதி. உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794இல் இந்த ஊரில்தான் வந்தது. பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸில் முட்டைக்கோஸும் பொரித்த வெங்காயமும் எலுமிச்சையும் பிசைந்து, கூடவே வாழைத்தண்டு சூப். கடைக்காரர், "அக்கா, ஊரு எது, மதுரையா?" என்றார். திருநெல்வேலி என்றதும், "ஒண்ணுதான்" என்று முடித்துவிட்டார்.

நான்காம் நாள், சனி

வேப்பேரி. வேப்பேரி வடசென்னையா என்று காலையிலேயே மாமாவோடு தகராறு. "ரயில் பாலத்துக்கு இந்தாண்ட எல்லாமே நம்ம ஏரியாதான்" என்கிறார். வேப்பேரிக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா, தெரியவில்லை.

செயின்ட் மத்தியாஸ் கோயில் இருக்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு நீளமான கதை. பெஞ்சமின் சூல்ட்ஸே என்ற ஜெர்மன் லூத்தரன் மிஷனரி 1726இல் மெட்ராஸ் வந்தார். சம்பளம் கொடுத்தது லண்டன் ஆங்கிலிக்கன்காரர்களின் சங்கம். தமிழோடு நிற்காமல் தெலுங்கில் வேதாகமத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்தவர் அவர். அடுத்து வந்த ஃபாப்ரிசியுஸ் காலத்தில், பிரெஞ்சுக்காரர் பிடித்த ஊர் 1749இல் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பிய பிறகு, வேப்பேரியில் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி கட்டிய சிற்றாலயம் மிஷனுக்கு வந்தது. பாண்டிச்சேரியைப் பிடித்தபோது தூக்கி வந்த அச்சு யந்திரமும் இங்கே வந்து சேர்ந்தது, அதில்தான் 1779இல் ஃபாப்ரிசியுஸின் தமிழ் அகராதி அச்சானது. ஆர்மீனியன் கட்டிய இடம், பிரெஞ்சு யந்திரம், ஜெர்மன் ஐயர், இங்கிலீஷ் சம்பளம், தமிழ் சபை. அந்த ஃபாப்ரிசியுஸ் கடைசிக் காலத்தில் கடன் விவகாரத்தில் சிக்கி ஜெயிலுக்கே போனார் பாவம். மொழிபெயர்ப்பில் அவ்வளவு கெட்டிக்காரருக்குப் பணக்கணக்கு வரவில்லை.

இது வரைக்கும் படிக்கச் சுகமாக இருக்கும். இனிமேல் வருவது அப்படி இல்லை.

இதே வேப்பேரி சபையில் சாதிக்குச் சாதி தனி இடம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் (மெட்ராஸும் அப்போது அவர் கையில்தான்) சாதி வேற்றுமையை உடனடியாக, முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், நாம் இன்றைக்கும் ஆராதனையில் உருகி உருகிப் பாடுகிற கீர்த்தனைகளை எழுதியவர், மிஷனரிகளின் கொடுமைகள் என்று நான்கைப் பட்டியல் போட்டார். பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுவது, பூவையும் பண்டிகைக் கொண்டாட்டத்தையும் தடுப்பது, தமிழ்ப் பாட்டை விரட்டுவது. இந்த மூன்றிலும் நான் அவர் கட்சி. நான்காவது, எல்லாச் சாதியையும் ஒன்றாகக் கலப்பது. அதையும் கொடுமை என்றே எழுதினார். தமிழ்க் கிறிஸ்தவன் வெள்ளைக்காரனைப் போல ஆக வேண்டியதில்லை என்று சொன்ன அதே வாய், பக்கத்தில் வேறு சாதிக்காரன் உட்காரக் கூடாது என்றும் சொன்னது. பண்பாடு என்ற பெயரில் நாம் எதையெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுவருகிறோம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். பாட்டை மட்டும் விட முடியவில்லை.

மத்தியானம் வேறொரு பகுதியில் வேறொரு கோயில். பெயர் வேண்டாம். வாசலில் ஒரு பெரியவர் அன்பாகப் பேசினார், மோர் வாங்கிக் கொடுத்தார். "சொந்த ஊர்?" சொன்னேன். "அங்க எந்தப் பக்கம்?" சொன்னேன். "அப்பா பேரு? தாத்தா என்ன பண்ணினாங்க? எந்தத் தெரு?" நம் ஆட்களுக்குத் தெரியும், இந்தக் கேள்விகள் எந்த முனையில் போய் நிற்கும் என்று. நான் மோரைக் குடித்து முடித்துவிட்டு, தெருவுக்கெல்லாம் இப்போது நம்பர் போட்டுவிட்டார்கள் தாத்தா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மாமா வியாசர்பாடியில் பிறந்தவர். அவருடைய தாத்தா பக்கிங்ஹாம் மில்லில் வேலை பார்த்தவர். 1921 வேலைநிறுத்தத்தில் சாதி இந்துத் தொழிலாளர்களும் ஆதி திராவிடத் தொழிலாளர்களும் இரண்டாகப் பிரிந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததே, அந்தக் கதையை மாமாவின் வீட்டில் வரலாறாகச் சொல்ல மாட்டார்கள், தாத்தாவின் பெட்டி எரிந்த கதையாகத்தான் சொல்வார்கள். மாமா ஐ.சி.எஃப்.பில் சேர்ந்து ரயில் பெட்டி செய்தார். அத்தை டீச்சர் டிரெயினிங் முடித்து இங்கே வேலைக்கு வந்தாள். ஒரே பாடகர் குழு. அவள் ஆல்ட்டோ, அவர் பேஸ். கல்யாணத்துக்கு எங்கள் தாத்தா வரவில்லை. இரண்டு வீடும் சி.எஸ்.ஐ., இரண்டு வீடும் நான்கு தலைமுறைக் கிறிஸ்தவர்கள், இருந்தும் வரவில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. எங்கள் வீட்டில் இதை யாரும் பேச மாட்டார்கள்.

"உங்க தாத்தா ஒருதடவ மெட்ராஸ் வந்தாரு," என்றார் மாமா. "நம்ம சர்ச்சுக்கு வந்தாரு. எனக்குப் பக்கத்துல முழங்கால் போட்டாரு. நான் குடிச்ச அதே பாத்திரத்துல அவரும் குடிச்சாரு. வீட்டுக்கு வாங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்கன்னேன். ட்ரெயினுக்கு நேரமாச்சுன்னு போய்ட்டாரு."

அத்தை வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ராத்திரி எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. தாத்தா எனக்கு எவ்வளவு செல்லம் கொடுத்தவர்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

விடிகாலை நாலரைக்கு மாமா எழுப்பி காசிமேடு கூட்டிக்கொண்டு போனார். ஏலத்துக்கு மீன். எங்கள் ஊர் அறுப்பின் பண்டிகையில் வாழைத்தார், பூசணி, நெல்லு, கோழி. இங்கே வயலுமில்லை அறுப்புமில்லை, கடல்தான் வயல். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு வஞ்சிரம் வாங்கினோம். பேரம் பேசும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது என்று முன்கூட்டியே உத்தரவு, என் பேச்சைக் கேட்டால் விலை ஏறிவிடுமாம்.

அத்தையின் சபையில் சாதாரண ஞாயிறுகளில் காலையில் ஆங்கிலம், அடுத்து தமிழ், கடைசியில் தெலுங்கு. ஒருவர் வெளியே வரும்போது அடுத்தவர் உள்ளே போவார்கள், பைக் நிறுத்தும் இடத்துக்காக மட்டும்தான் மூன்று சபையும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் என்று மாமா கேலி செய்வார். இன்றைக்குப் பண்டிகை என்பதால் கூட்டு ஆராதனை. (கோயிலின் பெயரைப் போடவில்லை. போட்டால் அத்தை கமிட்டியில் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.)

ஆங்கிலோ இந்தியர்கள் இருபத்திரண்டு பேர், எண்ணிப் பார்த்தேன். ரயில்வே வேலையால் ஒரு காலத்தில் பெரம்பூர் முழுக்க அவர்கள்தான். பிள்ளைகள் பெர்த்துக்கும் மெல்போர்னுக்கும் போய்விட்டார்கள். எனக்கு முன் பெஞ்சில் ஒரு ஆன்ட்டி, எண்பது வயதிருக்கும், கவுன், தொப்பி, கையில் விசிறி. தமிழில் பாட்டு வரும்போது புத்தகம் இல்லாமலே பாடினார். கேட்டதற்கு, "இவ்ளோ வருஷம் கேக்கறேன் சைல்ட், வராதா?" என்றார்.

ஆராதனை முறைமை ஒன்றுதான். தெலுங்கு எனக்கு ஒரு வார்த்தை தெரியாது, ஆனாலும் பாவ அறிக்கை வரும்போது முழங்கால் தானாக மடங்குகிறது, சுவிசேஷ வாசிப்பு என்றால் எழுந்து நிற்கிறேன். மூளைக்குப் புரிவதற்கு முன்பே உடம்புக்குப் புரிந்துவிடுகிறது. பரமண்டல ஜெபத்தை அவரவர் மொழியில் சொல்லச் சொன்னார் பாஸ்டர். ஒரு பக்கம் 'பரலோகமந்துன்ன மா தண்ட்ரீ', ஒரு பக்கம் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே'. ஆங்கிலக்காரர்கள் முதலில் முடித்துவிட்டு, நாங்கள் மெதுவாக வந்து சேரும்வரை காத்திருந்தார்கள். தமிழில் எல்லாமே நீளம்.

பிறகு சமாதானம் பரிமாறுவது. வலது கையோடு வலது கை சேர்த்து இடது கையால் மூடுகிறோமே, அது கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்த வழக்கம். 1950இல் நம் திருச்சபை தன் ஆராதனை முறையில் சேர்த்துக்கொண்டது. பிற்பாடு பல நாட்டு ஆங்கிலிக்கன் சபைகள் இந்தச் சமாதானத்தைத் திரும்பக் கொண்டுவந்ததில் நம் முறைமைக்கும் ஒரு பங்கு உண்டு. ஆரம்பத்தில் நம்மை முழுசாக ஏற்கத் தயங்கியவர்கள்தான். இப்போது தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் உறுப்பு, மெத்தடிஸ்ட் உலக அமைப்பிலும் உறுப்பு, சீர்திருத்த சபைகளின் அமைப்பிலும் உறுப்பு. இந்த மாதிரி மூன்று வீட்டுக்கும் பிள்ளையாக இருப்பது எளிதில்லை. நற்கருணையில் அது தெரியும். ஆங்கிலிக்கன் வழி வந்தவர்கள் முழங்கால் போட்டு ஒரே பாத்திரத்தில், சில சபைகளில் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம், கொரோனாவுக்கு அப்புறம் பலர் அப்பத்தைத் தோய்த்து வாங்குகிறார்கள். இங்கே இரண்டு வரிசை. தோய்ப்பவர்கள் இடது பக்கம், குடிப்பவர்கள் வலது பக்கம். நான் எப்போதும் தோய்க்கிற ஆள். இன்றைக்கு மாமாவுக்குப் பக்கத்தில் போய் வலது பக்கம் முழங்கால் போட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏலம் வெளியே ஷாமியானாவில். ஏலம் விட்டவர் தெலுங்கு சபைச் செயலர். "ஐநூறு ஒருதரம், ஐநூறு ரெண்டுதரம், அன்னா, சூடண்டி, இன்னும் கொஞ்சம் மனசு வைங்க!" எங்கள் வஞ்சிரம் நாலாயிரத்து இருநூறுக்குப் போனது. வாங்கியவர் அந்த ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி. தனியாக இருக்கிற மனுஷி அவ்வளவு பெரிய மீனை என்ன செய்வார் என்று பார்த்தால், வாங்கிய கையோடு திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்துவிட்டார், இரண்டாவது தடவை மூவாயிரத்துக்குப் போனது. அவர் செய்து கொண்டுவந்த டப்பா ஒன்றை நான் எழுநூறுக்கு எடுத்தேன். மேலே 'ரோஸ் குக்கீஸ்' என்று சீட்டு. திறந்தால் நம்ம அச்சு முறுக்கு. அத்தை ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "எள்ளு போடல, மத்தபடி நல்லாத்தான் இருக்கு பிள்ளே" என்று தீர்ப்பு சொன்னாள்.

ஒன்றரை மணிக்கு அசனம். பந்தியில் இலை போட்டு மட்டன் பிரியாணி வைத்துவிட்டார்கள். ஜெபம் பண்ணாமல் யாரும் கை வைக்க முடியாது. பாஸ்டர் எங்கேயோ கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் கத்திரிக்காய் தொக்கை விரலால் தொட்டு நக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு இடது பக்கம் ஒரு தெலுங்குப் பாட்டி, துறைமுகத்து வேலைக்கு வந்த நெல்லூர்க் குடும்பமாம், தலையில் முக்காடு. என் முழங்கையைத் தொட்டுக் கேட்டார்: "அய்யகாரு வச்சாரா?"

எனக்கு ஒரு நிமிடம் எதுவும் ஓடவில்லை. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. பாட்டி எதற்குச் சிரிக்கிறாள் இவள் என்று பார்த்தார்.

"ஐயர் இன்னும் வரல பாட்டி," என்றேன்.

"ராலேதா," என்று தலையை ஆட்டிவிட்டு இலையைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டார். ஐயர் வந்து, மூன்று மொழியிலும் ஜெபம் பண்ணி ஆமென் சொல்வதற்குள் பிரியாணி ஆறிவிட்டது.